யாருங்க நறுக்குறது?

போன மாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1. இன்னும் சுகர் வரவில்லை, ஆனால் வாசல்படி வரை வந்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை எதுவும் எழுதவில்லை. "சோத்தைப் பாதியாக் குறைங்க, தட்டுல பாதி காய் இருக்கணும், தினம் ஒரு பழம் சாப்பிடுங்க, நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அதை அப்படியே என் மனைவியிடம் ஒப்பித்தேன். அவள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சரி, யாருங்க நறுக்குறது?"

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. காய் சாப்பிடுங்கள், பழம் சாப்பிடுங்கள் என்று சொல்லாத டாக்டர் இல்லை, டிவி நிகழ்ச்சி இல்லை, வாட்ஸ்அப் குரூப் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை ஒருவரும் தொட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நான் எவ்வளவு காய் சாப்பிடுகிறேன் என்று தெரிய வேண்டுமே. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் பங்கு பீன்ஸ் பொரியலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 55 கிராம். சாம்பாரிலிருந்து என் தட்டுக்கு வந்தது முருங்கைக்காய்த் துண்டு இரண்டு, கத்தரிக்காய் ஒன்று. காலையில் இட்லி, தேங்காய்ச் சட்னி. ராத்திரி தோசை, தக்காளிச் சட்னி. சட்னியில் இருந்த தக்காளி, வெங்காயம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் நாள் முழுக்க 150 கிராம் தேறவில்லை. பழம் சுத்தமாக இல்லை. உலக சுகாதார நிறுவனம் காயும் பழமும் சேர்த்து ஆளுக்குத் தினம் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது, அதிலும் உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற கிழங்குகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஹைதராபாத்தில் இருக்கும் நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாள் தட்டுக்கு காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், அரிசி கோதுமை சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுத் தட்டு அப்படியே தலைகீழ். நாம் காய்க்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள், 'தொட்டுக்க'. தொட்டுக்க என்ன இருக்கு என்றுதான் கேட்கிறோம். சோறு சாப்பிடுகிறோம், காயைத் தொட்டுக்கொள்கிறோம்.

என் அப்பாவும் அப்படித்தான் சாப்பிட்டார். லாரி ஷெட்டில் கணக்கு எழுதியவர், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. 46 வயதில் சுகர், 50இல் பிரஷர். அம்மா கூட்டை ஒரு கரண்டி கூடுதலாக வைத்தால் கையை நீட்டி மறிப்பார், "போதும் போதும், குழம்பை ஊத்து" என்பார். மாத்திரைதான் போடுகிறோமே என்று இருந்துவிட்டார். 61 வயதில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வெறும் காய் சாப்பிட்டிருந்தால் அந்த விரல்கள் இருந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், பரம்பரை இருக்கிறது, வேலை இருக்கிறது, இன்னும் எத்தனையோ இருக்கிறது. ஆனால் கட்டு மாற்றும்போது பக்கத்தில் நின்றவன் நான். என் கால் அந்த நிலைக்கு வரக் கூடாது, என் பிள்ளைகள் அதைப் பார்க்கக் கூடாது.

நான் ஒருவன் மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளிவந்த இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13 கோடிப் பேர் என்னைப் போல அதற்கு முந்தின படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு சுகர். உங்கள் தெருவில் ஏழாவது வீட்டு மனிதரைப் பாருங்கள், இல்லை உங்களையே பாருங்கள்.

காய் என்ன செய்கிறது என்பது ஒன்றும் மர்மம் இல்லை. நார்ச்சத்து இருந்தால் சாப்பிட்ட சோறு மெதுவாகச் செரித்து, சர்க்கரை ரத்தத்தில் ஒரேயடியாக ஏறாமல் நிதானமாக ஏறும், வயிறும் சீக்கிரம் நிறையும். காயிலும் பழத்திலும் இருக்கும் பொட்டாசியம் பிரஷரைக் குறைக்க உதவும். அமெரிக்காவில் டாஷ் என்று ஒரு பரிசோதனை, 1997இல் முடிவு வந்தது. 459 பேர். உப்பையும் உடல் எடையையும் மாற்றாமல், காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்களைக் கூட்டி, கொழுப்பைக் குறைத்துக் கொடுத்தார்கள். பிரஷர் இருந்தவர்களுக்கு எட்டே வாரத்தில் மேல் அளவு, வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவர்களைவிடச் சராசரியாக 11 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரை செய்கிற வேலை அது. காயும் பழமும் மட்டும் கூட்டியவர்களுக்கும் இறங்கியது, அந்த அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

சத்து மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்று என் நண்பர் கேட்டார். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், கூடிவிட்டது. அதனால் காயைக் காயாகத்தான் சாப்பிட வேண்டும். ஜூஸும் அப்படித்தான், நாரை வடிகட்டிக் கொட்டிவிட்டு மேலே சர்க்கரை போட்டுக் குடிப்பதைப் பழம் சாப்பிட்ட கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, இப்போது என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோ காய்க்குக் குறையாது. அதைத் தினமும் யாராவது வாங்கி, கழுவி, ஆய்ந்து, நறுக்க வேண்டும். அவரைக்காய்க்கு இரண்டு பக்கமும் நார் கிள்ள வேண்டும். வாழைத்தண்டு வட்டம் வட்டமாக வெட்டும்போது வருகிற நூலை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். முருங்கைக்கீரையை உருவி, காம்பில்லாமல் பொறுக்கவே அரை மணி நேரம் ஓடிவிடும். உருளைக்கிழங்கு ஏன் வாரத்தில் மூன்று நாள் வருகிறது என்று இப்போது புரிகிறதா? குக்கரில் இரண்டு விசில் விட்டால் தோல் தானாக உரியும். காலை ஏழரைக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டுத் தானும் வேலைக்கு ஓட வேண்டிய ஒரு பெண் உருளைக்கிழங்கைத்தான் எடுப்பாள், அவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 81 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண்கள் செலவழித்தது சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். காய் நிறையச் சாப்பிடுங்கள் என்ற அறிவுரை எல்லாம் கடைசியில் இந்த 299 நிமிடத்தின் தலையில்தான் போய் விழுகிறது. தட்டில் காயைக் கூட்ட வேண்டும் என்றால் அரிவாள்மனைக்கு முன்னால் உட்காருகிற ஆளைக் கூட்ட வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

அதனால் உட்கார்ந்தேன். முதல் நாளே வாழைப்பூ. நல்லெண்ணெய் தடவிக்கொள் என்று அம்மா சொன்னதை விரலுக்கு மட்டும் செய்தேன், உள்ளங்கை கறுத்துப்போய் இரண்டு நாள் போகவில்லை. மடலை விரித்துப் பூவை எடுத்து, ஒவ்வொரு பூவுக்குள்ளும் தீக்குச்சி மாதிரி தலை தடித்து நிற்கிற கள்ளனை இழுத்து எறிய வேண்டும், அடியில் கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும் செதிளையும் எடுக்க வேண்டும். "ஒண்ணொண்ணா எடுத்தா விடிஞ்சிரும்பா, கொத்தாப் பிடிச்சு நுனியை உள்ளங்கையில தேயி, பூ விரிஞ்சு கள்ளன் தானா எந்திரிக்கும்" என்று அம்மா காட்டிக்கொடுத்தாள். அப்படித் தேய்த்தும் எனக்கு ஒரு முழு வாழைப்பூவுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. நாற்பது வருஷமாக அம்மா இதைச் செய்து போட்டு, நாங்கள் ஒரு கரண்டி தொட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கிறோம். அன்றைக்கு எனக்கு மனசு கனத்துவிட்டது.

ஆண்களுக்கு நறுக்க வராது என்று யாரும் சொல்லாதீர்கள். என் சின்ன வயதில் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பந்தலுக்குள் பாயை விரித்துப்போட்டு, மாமா, சித்தப்பா, பங்காளிகள் என்று இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து பூசணியும் வாழைக்காயும் கத்தரிக்காயும் மலையாகக் குவித்து வெட்டுவார்கள். ஒரு மணி வரைக்கும் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். மறுநாள் இலையில் கூட்டு, அவியல், பொரியல், பச்சடி என்று விழும், அதே அப்பா அன்றைக்கு எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிடுவார். பலர் சேர்ந்து நறுக்கினால் காய் தட்டில் நிறையும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இது. ஞாயிறு காலை நான் திண்டுக்கல் உழவர் சந்தைக்குப் போகிறேன். சாயங்காலம் எட்டு மணிக்கு நானும் பெரியவனும் மறுநாள் காயை நறுக்கி டப்பாவில் போட்டுவிடுகிறோம். கீரையை ஆய்ந்து, கழுவாமல், பேப்பரில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்குகிறது. தட்டில் முதலில் காய், அதைப் பாதி சாப்பிட்ட பிறகுதான் சோறு. காயை வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதில்லை, அதில் கொஞ்சம் சத்து இறங்கியிருக்கும், ரசத்தில் சேர்த்துவிடுகிறோம். பழத்துக்குக் கொய்யா. பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் விளைந்து எங்கள் ஊருக்கு வண்டி வண்டியாக வருகிறது, ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில்தான். நாமோ ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போதுதான் பழம் வாங்குகிறோம், அதுவும் எங்கிருந்தோ வந்த ஆப்பிள்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுக் காயையும் பழத்தையும் இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள், பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்தாகலாம், டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுகர், பிரஷர் என்று வருகிற ஆணிடம் "வீட்டுல சமையல் யாரு?" என்று கேட்டு மனைவியைக் கூப்பிட்டு அறிவுரை சொல்வதை நிறுத்துங்கள். அந்த ஆளிடமே நறுக்கச் சொல்லுங்கள், மருந்துச் சீட்டிலேயே எழுதுங்கள். அரசுக்கும் ஒன்று. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்றைக்கு ஊர் ஊராக இருக்கிறது. அதில் ஒரு மூலையை மகளிர் குழுக்களுக்குக் கொடுத்து, ஆய்ந்த கீரையும் நார் எடுத்த அவரையும் உரித்த வாழைப்பூவும் நியாயமான விலைக்கு விற்க வைத்தால், வேலைக்குப் போகும் பெண்களுக்கு நேரம் மிச்சம், குழுப் பெண்களுக்கும் வருமானம். பள்ளிக் காலை உணவில் காய்கறி சாம்பார் ஊற்ற முடிகிற அரசுக்கு இது பெரிய காரியம் இல்லை.

நேற்று முருங்கைக்கீரைப் பொரியல். அம்மா எப்போதும் கடைசியாகத்தான் சாப்பிடுவாள், பொரியல் தீர்ந்துபோன சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி அதையே சாப்பாடாக்கிக்கொள்வாள், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். நேற்று மூடியைத் திறந்து பார்த்தவள், "இம்புட்டு மிஞ்சிருக்கே, யாரும் சாப்பிடலையா?" என்று கேட்டாள். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாச்சும்மா, இது உனக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.