இரண்டாவது பட்டம் வீண் வேலை இல்லை

வேலை கிடைக்காதவர்கள்தான் இன்னொரு டிகிரிக்குப் போகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தபோது மனசு வலித்தது. நான் மெக்கானிக்கல் முடித்து, வேலையில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் படித்தவன். பதினேழு வயதில், கவுன்சிலிங்கில் மாமா சொன்ன பிரிவை எடுத்தேன். இரண்டாம் செமஸ்டரிலேயே இது எனக்கானது இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் பொறியியல் கல்லூரியிலிருந்து தமிழ்த் துறைக்கு எப்படி மாறுவது? கட்டிய பணத்தை விட்டு வெளியேற வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. அப்பா கடன் வாங்கியிருந்தார். முடித்தேன், அவ்வளவுதான்.

பி.ஏ. படித்த மூன்று வருடமும் ஷிப்ட் முடிந்து வந்து, நன்னூலும் குறுந்தொகையும் விரித்து வைத்த ராத்திரிகள். களைப்பே தெரியாது. ஒரு நூற்பா புரிந்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. அப்புறம் பி.எட்., இப்போது ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளுக்குத் தயாராகிறேன்.

கட்டுரை சொல்லாத ஒன்று: 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளுக்கு அனுமதி தந்தது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடி, மற்றொன்று தொலைநிலை என்றும் படிக்கலாம். நான் படித்த காலத்தில் இது இல்லை. இப்போது பிடிக்காத பிரிவில் மாட்டியிருக்கும் தம்பி தங்கைகள், நான்கு வருடம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சேரும் முன் அந்தத் தொலைநிலைப் படிப்புக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.