தமிழை வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் படிக்க வேண்டாம்

போன வாரம் சித்தி மகள் போனில் கேட்டாள்: "அண்ணா, நான் இன்னும் தமிழ்ல யோசிச்சுட்டுத்தான் இங்கிலீஷ்ல சொல்றேன். இதை எப்படி நிறுத்துறது?" வேலையில் இருக்கிறவள். ஒரு வருடமாக விடாமல் ஆங்கிலம் பழகுகிறாள். கேட்கும்போது அவள் குரலில் குற்ற உணர்ச்சி இருந்தது. தமிழில் யோசிப்பதே ஏதோ கெட்ட பழக்கம் என்று யாரோ அவளை நம்ப வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் சேர்ந்த ஒரு பயிற்சி வகுப்பில் பேச்சில் தமிழ்ச் சொல் வந்துவிட்டால் எழுந்து நிற்க வேண்டும். மூன்று மாதம் போனேன். சந்தேகம் கேட்கக்கூட வாய் வரவில்லை. கேட்காத சந்தேகங்கள் அப்படியே தங்கிவிட்டன. அவற்றில் சிலவற்றைத் தீர்க்கப் பிறகு பல வருடம் ஆனது. அந்த வகுப்பின்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

தங்கையிடம் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன். தமிழில் யோசிப்பதை நிறுத்த வேண்டாம். வளர்ந்த பிறகு இன்னொரு மொழி படிக்கிறவரிடம் ஏற்கெனவே ஒரு முழு மொழி இருக்கிறது. சொற்களின் நுணுக்கமும் காலமும் வேற்றுமையும் நமக்குத் தெரியும். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பிழையில்லாமல் பேசுகிறோம். ஆங்கிலப் பயிற்சியை அங்கிருந்து தொடங்கினால் பாதி உழைப்பு மிச்சமாகும். பேசிப் பேசிச் சரளம் வரும்போது இடையில் நிற்கும் தமிழ் தானாக ஒதுங்கிக்கொள்கிறது.

முதலில் சொற்கள். நம்மில் பலரும் செய்வது இதுதான்: நோட்டில் நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள், ஒரு நாளைக்கு இருபது. நானும் இரண்டு நோட்டு நிரப்பியிருக்கிறேன். இதில் தமிழ் இருப்பது தவறில்லை. ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்று நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

'பார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'சீ', 'லுக்', 'வாட்ச்' என்று மூன்று வருகின்றன. எதை எங்கே போடுவது என்று புரியாமல் தடுமாறுகிறோம். ஆனால் அந்த வேறுபாடு நமக்குப் புதிதே இல்லை. கண்ணில் படுவது 'சீ'. கண்ணைத் திருப்பிப் பார்ப்பது 'லுக்'. நடந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. 'கேள்' என்பதும் அப்படியே. காதில் விழுந்தால் 'ஹியர்', காது கொடுத்துக் கேட்டால் 'லிசன்', கேள்வி கேட்டால் 'ஆஸ்க்'. 'காதில் விழுந்தது', 'காது கொடுத்துக் கேட்டான்' என்று தினமும் சொல்கிற ஒருவருக்கு 'ஹியர்', 'லிசன்' வேறுபாட்டை விளக்கத் தனிப் பாடமே தேவையில்லை. அந்தத் தமிழ்த் தொடரைக் காட்டினால் போதும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் வினையோடு 'அப்', 'ஆஃப்', 'ஆஃப்டர்' போன்ற சிறு சொற்கள் ஒட்டிக்கொண்டு பொருளே மாறிவிடும். பழகுகிறவர்கள் அதிகம் அஞ்சும் இடம் இது. ஆனால் நாம் 'பார்' என்பதோடு 'கொள்' சேர்த்து 'பார்த்துக்கொள்' என்கிறோம். பொருள் முழுக்க மாறிவிடுகிறது. குழந்தையைப் பார் என்பது வேறு, குழந்தையைப் பார்த்துக்கொள் என்பது வேறு. 'லுக்' என்பதற்கும் 'லுக் ஆஃப்டர்' என்பதற்கும் உள்ள தூரமும் அதேதான். 'சட்டை போட்டுக்கொண்டான்' என்றால் 'புட் ஆன்', 'சட்டை போட்டிருக்கிறான்' என்றால் 'வேர்'. எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது. ஆனாலும் சிறு சொல் சேர்ந்தால் வினை திசை மாறும் என்ற அடிப்படை நமக்கு மூன்று வயதிலேயே வந்துவிட்டது.

ஆகவே நோட்டில் தனிச்சொல் எழுதாதீர்கள். சொல் யாரோடு சேர்ந்து வருகிறது என்று எழுதுங்கள். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறியலாம் என்ற கருத்தை ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1957-ல் எழுதினார். தமிழிலும் முடிவு 'எடுக்கிறோம்', கவனம் 'செலுத்துகிறோம்', கேள்வி 'எழுப்புகிறோம்'. இதை மாற்றிச் சொன்னால் காதுக்கு உறுத்தும். ஆங்கிலத்தில் முடிவுக்கு 'மேக்', கவனத்துக்கு 'பே', கேள்விக்கு 'ரெய்ஸ்'. சொல்லைத் தனியாகப் படித்தவர் 'கிவ் அட்டென்ஷன்' என்பார். ஜோடியாகப் படித்தவர் அங்கே தயங்கவே மாட்டார்.

எத்தனை சொல் வேண்டும் என்ற கவலையும் பலருக்கு உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953-ல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள்தான். சாதாரண எழுத்தில் மிகப் பெரும் பங்கை அவையே நிரப்பிவிடுகின்றன. நாவலையும் நாளிதழையும் உதவியில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் என்ற மொழியியலாளர் 2006-ல் கணக்கிட்டார். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 'கெட்', 'டேக்', 'புட்' மூன்றையும் ஆளத் தெரியாமல், வருடத்துக்கு ஒருமுறைகூட எதிர்ப்படாத சொற்களை மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் இரண்டாயிரத்தில் ஆழமாக இறங்குங்கள். மற்றவை வாசிப்பில் வந்து சேரும்.

நினைவில் நிற்கவில்லை என்ற குறைக்கும் ஒரு வார்த்தை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் மறதியை அளக்கத் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்தார். முதல் ஒரு மணி நேரத்தில் மறதி மிக வேகமாக நடந்தது, அப்புறம்தான் மெதுவானது. வாக்கியமும் சூழலும் இல்லாமல் நாம் நோட்டில் எழுதும் சொல் கிட்டத்தட்ட அந்த அசைகளைப் போன்றதுதான், பற்றிக்கொள்ள அதில் எதுவும் இல்லை. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. ஒரு உரைப்பகுதியை மறுபடி படிப்பது நல்லதா, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நல்லதா என்று சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவைதான் அதிகம் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்ததில் 42 சதவீதமும் எழுதிப் பார்த்ததில் 56 சதவீதமும் தங்கியிருந்தன. பழைய நோட்டைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். அந்த உணர்வை நம்பக் கூடாது. தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து, ஆங்கிலப் பக்கத்தைக் கையால் மறைத்துச் சொல்லிப் பாருங்கள். வராமல் தவிக்கும் அந்தச் சில நொடிகள்தான் பயிற்சி.

இப்போது இலக்கணம். நம்மவர்களை மிகவும் படுத்துவது 'எ', 'ஆன்', 'தி' என்ற ஆர்ட்டிகிள்கள். தமிழில் அப்படி எதுவும் இல்லை, அதனால் வரவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. 'புத்தகம் படித்தேன்', 'புத்தகத்தைப் படித்தேன்' என்ற இரண்டு வாக்கியங்களையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதைச் சொன்னால் கேட்கிறவருக்கும் அது எந்தப் புத்தகம் என்று தெரியும். நடுவில் உள்ள வேறுபாடு 'ஐ' என்ற இரண்டாம் வேற்றுமை உருபு ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாவது 'எ புக்', இரண்டாவது 'தி புக்'. 'ஒரு பையன் வந்தான்' என்றால் புதியவன், 'பையன் வந்தான்' என்றால் தெரிந்தவன். அங்கேயும் 'எ', 'தி'. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை இப்போதும் நினைத்துக்கொள்வேன். அத்தனை வருடம் தெரியாது என்று பயந்த ஒன்றைத் தமிழில் தினமும் சரியாகவே செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இதை விதி என்று நான் சொல்லவில்லை. ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு 'ஐ' எப்படியும் வரும். அங்கே இந்தச் சோதனை உதவாது. 'அவர் டாக்டர்' என்று 'ஒரு' இல்லாமலே சொல்கிறோம். ஆங்கிலத்தில் அங்கே 'எ' இல்லாமல் முடியாது. ஆனால் இப்படி இரு மொழியும் பிரியும் இடங்களைத்தானே தனியாக எடுத்துப் பழக வேண்டும்? ஒத்துப்போகும் இடங்களில் நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. பயிற்சிப் புத்தகங்கள் எல்லா நாட்டுக்காரருக்கும் சேர்த்து எழுதப்படுகின்றன, நமக்கு எங்கே பிரிகிறது என்று அவை சொல்லாது. அதை நாம்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் குறிப்பில் இருக்கும் சிலவற்றைச் சொல்கிறேன். 'அவரைப் பார்த்திருக்கிறேன்' என்பது அப்படியே 'ஹேவ் சீன்'. ஆனால் தமிழில் '2015-ல் பார்த்திருக்கிறேன்' என்று தேதியோடு சொல்லலாம், ஆங்கிலத்தில் தேதி வந்தால் 'ஹேவ்' போய்விடும், வெறும் 'சா' தான். 'ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதற்கு அங்கே 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும். 'ஆம் வொர்க்கிங்' என்று நம் வாயில் வருவது தமிழ் நிகழ்காலத்தின் நிழல். 'எனக்கு விளக்கினார்' என்பதால் 'எக்ஸ்ப்ளெயின்ட் மி' என்கிறோம், நடுவில் 'டு' வேண்டும். 'பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' வருகிறது, அங்கே 'அபவுட்' கூடாது. ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் அது எந்தத் தமிழ் வாக்கியத்திலிருந்து வந்தது என்று எழுதிவிடுவேன். காரணம் தெரிந்த பிழை என்னிடம் சீக்கிரம் திரும்பி வந்ததில்லை.

'ஹி கோஸ்' என்பதில் வரும் கடைசி ஒலியை விட்டுவிடுவதற்காகக் கூனிக் குறுகுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1974-ல் டூலே, பர்ட் என்ற இருவர் ஸ்பானிஷ், சீனம் பேசும் குழந்தைகள் ஆங்கிலம் கற்பதை ஆராய்ந்தார்கள். இரு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே வரிசையில் இலக்கணக் கூறுகள் வந்தன, இந்த ஒலி இரண்டிலுமே தாமதமாக வந்தவற்றில் ஒன்று. விதி முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும், நாக்கு மட்டும் வெகுநாள் கழித்துத்தான் பழகும். எனவே வெட்கப்பட வேண்டாம். அதே சமயம் தாய்மொழிக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2009-ல் லக், ஷிராய் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஜப்பானியம், கொரியம், சீனம் பேசுகிறவர்களுக்கு ஆர்ட்டிகிளும் பன்மையும் அந்த வரிசை சொல்வதைவிடத் தாமதமாகவும், உடைமையைக் காட்டும் ஒட்டு முன்னதாகவும் வருவதைக் கண்டார்கள். நாம் வெளியே நிறுத்தினாலும் தாய்மொழி உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, தினமும் என்ன செய்வது? நான் நம்பும் பயிற்சி மிகப் பழையது. ரோஜர் ஆஷம் என்ற ஆங்கிலேய ஆசிரியர் லத்தீன் கற்பிக்க இதைப் பரிந்துரைத்தார். அவர் எழுதியது 1570-ல் அச்சில் வந்தது. லத்தீன் பகுதியை மாணவர் தம் தாய்மொழியான ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூலத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் நேரம் கழித்து, தாம் எழுதியதை மறுபடி லத்தீனுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அவரிடம் படித்த அரசி முதலாம் எலிசபெத்தும் கிரேக்கமும் லத்தீனும் இப்படித்தான் பழகினார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

நாம் ஆங்கிலத்தில் நாலைந்து வரி எடுத்துக்கொள்ளலாம், அதிகம் வேண்டாம். நல்ல தமிழில் எழுதுங்கள், வார்த்தைக்கு வார்த்தை அல்ல, நீங்கள் பேசுகிற மாதிரி. இரண்டு நாள் கழித்து அந்தத் தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். எங்கே 'தி' விட்டுப்போனது, எந்தச் சொல் தவறான ஜோடியோடு போனது, எந்தக் காலம் பிசகியது எல்லாம் தெரியும். திருத்த ஆசிரியர் தேவையில்லை, மூலமே திருத்தும். நீங்கள் எழுதியது மூலத்திலிருந்து வேறாக இருந்தும் சரியாக இருக்கலாம், அந்த இடத்தில் மட்டும் தெரிந்தவரைக் கேளுங்கள். பேச்சுக்கு இது போதாது, அதற்குக் கேட்பதும் வாய்விட்டுச் சொல்வதும் தனியாக வேண்டும். ஆனால் சொல்லையும் இலக்கணத்தையும் சேர்த்துப் பழக இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

தங்கை தன் முதல் பக்கத்தை இன்று காலை போட்டோ எடுத்து அனுப்பினாள். ஐந்து வரியில் நான்கு சிவப்புக் கோடு, எல்லாம் அவளே போட்டது. இரண்டு இடத்தில் 'தி' இல்லை, ஒரு இடத்தில் 'எ' இல்லை. நான்காவது 'எக்ஸ்ப்ளெயின்ட் மி'. அதற்குக் கீழே பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள்: "எனக்கு விளக்கினார்னு யோசிச்சிருக்கேன்."