பாலத்துக்கு அந்தப் பக்கமும் செல்லுமா உங்கள் பாலிசி?

லாவோஸில் குடியேறுபவர்களுக்குச் சாதாரணப் பயணக் காப்பீடே போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதன் தலைநகர் வியந்தியானில் வேலை பார்க்கும் என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு உள்ளூர் கிளினிக் போதும், சரி. நெஞ்சுவலி, எலும்பு முறிவு என்றால் இங்குள்ள வெளிநாட்டவர் பெரும்பாலும் மேகாங் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக்குத்தான் ஓடுகிறார்கள். 1994இல் திறந்த நட்புப் பாலத்தைக் கடந்தால் நோங் காய் என்ற தாய்லாந்து ஊர். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் பெரிய மருத்துவமனைகள் உள்ள உதோன் தானி நகரம். ஆகவே எத்தனை லட்சத்துக்குக் காப்பீடு என்பதைவிட, எந்தெந்த நாட்டில் செல்லும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேஷ்லெஸ், அதாவது கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம், என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் பணத்துக்குப் பொறுப்பேற்கும் கடிதம் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வரும்வரை மருத்துவமனை முன்பணம் கேட்கும். என்னுடன் வேலை பார்ப்பவர் வெள்ளிக்கிழமை மாலை கையை உடைத்துக்கொண்டார். கம்பெனி பதில் சொன்னது திங்கட்கிழமை! கிரெடிட் கார்டைத் தேய்த்த பிறகுதான் பிளேட் வைத்தார்கள். அவசரத்துக்கு இருபத்துநாலு மணி நேரமும் போன் எடுக்கிறார்களா என்று பாலிசி வாங்குமுன் ஒருமுறை நள்ளிரவில் அழைத்துப் பாருங்கள்.

டூவீலர் லைசென்ஸ் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் பல பாலிசிகளில் கிளெய்ம் கிடைக்காது.

அப்புறம், நெகட்டிவ் ரத்த வகைக்காரர்கள் கவனிக்கவும். இந்தப் பகுதி மக்களிடம் அது மிக அரிது; ரத்த வங்கியை நம்பியிருக்க முடியாது. யாருக்கு என்ன வகை என்று இங்குள்ள நண்பர்கள் வாட்ஸப் குழுவில் பட்டியல் வைத்திருக்கிறோம்.