ஆலையும் பள்ளியும்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள மான்செஸ்டர் கிராமர் பள்ளியைப் பற்றி நான் படித்த கட்டுரை, 1515ஆம் ஆண்டில் அதை நிறுவிய பிஷப் ஹ்யூ ஓல்டாமின் கொடையுள்ளத்தை விரிவாகப் போற்றுகிறது. அந்தப் பள்ளியை நடத்திய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இர்க் ஆற்றங்கரையில் இருந்த தானிய ஆலைகளின் வருவாய்தான் பள்ளியைத் தாங்கியது. நகரத்தார் தங்கள் தானியத்தை அந்த ஆலைகளில் மட்டுமே அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத வீடும் மாவு அரைக்கும்போதெல்லாம் பள்ளிக்குப் படியளந்தது. மக்கள்தொகை பெருகி ஆலைகள் போதாமல் போனபின், 1758இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அக்கட்டாயத்தை நீக்கியது. பீர் காய்ச்சப் பயன்படும் முளைகட்டிய தானியமான மால்ட்டை அரைப்பதற்கு மட்டும் அது தொடர்ந்தது என்பது, பீர் விரும்பிகளுக்குக் கசப்பான செய்தியாக இருந்திருக்கும்!

பேராலயத்துக்கு அருகில், லாங் மில்கேட் தெருவில் இயங்கிய பள்ளி 1931இல் நகரின் தெற்கே ஃபாலோஃபீல்டு பகுதிக்கு இடம்பெயர்ந்தது. விடுதி இல்லாத பள்ளி என்பதால் நகரத்தோடும் சுற்றுவட்டார ஊர்களோடும் அதன் உறவு அறுபடவில்லை என்று கட்டுரையாளர் எழுதுவதை ஏற்கிறேன். ஆயினும், அரசு பள்ளிக்கு நேரடியாக மானியம் தந்து, திறமையுள்ள எளிய வீட்டுப் பிள்ளைகளும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்த ஏற்பாடு 1970களில் கைவிடப்பட்டு, பள்ளி முழுமையாகக் கட்டணத்தை நம்பும் சுயேச்சைப் பள்ளியானதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. உதவித்தொகைகள் இன்றும் உண்டு. ஆனால் அவற்றை முந்தைய ஏற்பாட்டுக்கு ஈடாகக் கருத என்னால் இயலவில்லை.