ட்விட்டர் புள்ளிக்கும் கணக்கு வைக்கிறது

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. ட்விட்டர் கணக்கில் ஐந்து, ஏனென்றால் 'மி'யின் மேல்விலங்கையும் 'ழ்'இன் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. (2023லேயே எக்ஸ் என்று பேர் மாற்றிவிட்டார்கள், எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது.) நடத்திய பாடத்தை ஒரே ட்வீட்டில், அதாவது 280 எழுத்துக்குள், எழுதச் சொன்னபோது இதைக் கண்டுபிடித்தவன் என் வகுப்பின் கடைசி பெஞ்ச் பையன். "சார், புள்ளிக்கும் காசு வாங்குறான் சார்" என்றான். அன்றைக்கு மெய், உயிர்மெய், கணினியில் எழுத்துக்கு எண் கொடுக்கும் யூனிகோடு என்று முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

சுருக்கி வரைக என்று காலங்காலமாகக் கேள்வித்தாளில் கேட்கிறோம், பிள்ளைகளும் பத்தியின் முதல் மூன்று வரியை அப்படியே எடுத்து எழுதிவிட்டுப் போகிறார்கள். இங்கே அது நடக்காது. முதலில் 'மிகவும்' போனது, யாருக்கும் நஷ்டமில்லை. 'ஆனால்' போனதும் ஒருத்தி எழுதியது தலைகீழாகிவிட்டது, அதற்கு ஒரு சண்டை. எனக்கு அந்தச் சண்டைதான் வேண்டும்.

2009இல் அமெரிக்காவில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் மோனிகா ராங்கின் என்ற வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பில் ட்விட்டரைப் பயன்படுத்திப் பார்த்தார். 90 பேர் இருக்கும் வகுப்பில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? கருத்துகளை ட்வீட்டாகப் போடச் சொல்லித் திரையில் ஓடவிட்டார், அப்போது 140 எழுத்துதான். கை தூக்கவே கூச்சப்படுகிற பிள்ளை எழுதுகிறது என்பதை நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதற்காக ஆளுக்கொரு கணக்கு தொடங்கச் சொல்லும் ஆசிரிய நண்பர்களோடு எனக்கு ஒத்துவராது. என் மாணவி ஒருத்தி பாடத்தைப் பற்றிப் போட்ட இரண்டு வரிக்குக் கீழே, முன்பின் தெரியாத ஒருவன் வந்து அவள் என்ன சாதி என்று கேட்டான். அவள் அப்புறம் ஒரு வாரம் எதுவுமே எழுதவில்லை. தப்பு என்னுடையது, வகுப்புக்குள் பேசவேண்டியதை நடுத்தெருவில் பேசவைத்துவிட்டேன்.

இப்போது போனே கிடையாது. கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாள், கட்டத்துக்கு ஓர் எழுத்து, தொல்காப்பியர் கணக்கில், புள்ளிக்குத் தனிக்கட்டம் இல்லை. 150 கட்டம்தான் கொடுப்பேன். எழுதியதைச் சுவரில் ஒட்டிவிடுவோம். முதல் நாள் "லைக் எங்க சார் போடுறது?" என்று கேட்டார்கள், ஓரத்தில் பென்சிலால் டிக் அடிக்கச் சொன்னேன். அந்த மாணவியின் தாளில் போன வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தேன், பதினேழு.