சிரிப்பதற்கு முன் ஒருமுறை முழுப் படத்தையும் பாருங்கள்

அந்த ரீல்ஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக இங்கே பகிரப் போவதில்லை, ஏற்கெனவே தேவைக்கு மேல் ஓடிவிட்டது. 1963இல் வந்த 'கலை அரசி' படத்தில் விண்கலம் வரும் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து, பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்த்து, நாசாவையே நடுங்க வைத்த தமிழ்ப் படம் என்று தலைப்பும் வைத்திருக்கிறார்கள். பலர் என்னை டேக் செய்து "உங்க ஃபேவரைட் படம் சார்" என்று எழுதினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சினிமாவைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசியிருக்கும் இரண்டு நண்பர்கள் அதே பதிவின் கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையைப் போட்டிருந்ததைப் பார்த்தேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தீர்களா?

பார்த்திருந்தால் அதன் கதை தெரிந்திருக்கும். வேறொரு கிரகம். அறிவியலில் நம்மைவிட எங்கேயோ போய்விட்டவர்கள். கிரகம் விட்டுக் கிரகம் போக வண்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கலை தெரியாது. பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்க அங்கே ஆளில்லை. அதனால் பூமிக்கு வந்து ஒரு கலைஞரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பது பானுமதியை. தூக்க வருபவர் நம்பியார். காதலியைத் தேடி அந்தக் கிரகத்துக்கே போகும் விவசாயி எம்.ஜி.ஆர். போன இடத்தில் கோமாளி வேடம் போட்டு அரண்மனைக்குள் நுழைகிறார். இயக்கம் ஏ.காசிலிங்கம், இசை கே.வி.மகாதேவன்.

இந்தக் கற்பனையைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஹாலிவுட் வேற்றுக்கிரகவாசிகள் அந்தக் காலத்தில் எதற்குப் பூமிக்கு வந்தார்கள்? பெரும்பாலும் பிடிக்க, அழிக்க, அல்லது எச்சரிக்க. பாட்டு கற்றுக்கொள்ள யார் வந்தார்கள்? எல்லாம் இருந்தும் இசை இல்லாததால் தங்களை ஏழைகளாக நினைத்த ஒரு கிரகத்தை நம் ஊர்க்காரர்கள் யோசித்திருக்கிறார்கள். ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. சத்யஜித் ராய் வேற்றுக்கிரகவாசியை வைத்துத் திரைக்கதை எழுதியதே 1967இல்தான், அதுவும் கடைசிவரை படமாகவில்லை. இதெல்லாம் உங்கள் சிரிப்புச் சத்தத்துக்குள் எங்கே போனது?

என் அப்பாயி இந்தப் படத்தை டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை, கையெழுத்துப் போடத் தெரியாது. நான் கல்லூரியில் படித்த நாட்களில் அறிவியல் புனைகதை என்று பெரிய பெரிய பெயர்களாகச் சொல்லிக்கொண்டு திரிவேன். ஒருநாள் அவர்தான் இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னார். விண்கலம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்தது வேறொன்று. "எல்லாம் இருந்தும் பாட்டு இல்லாத ஊராம்டா. அங்க புள்ளைங்க எப்படித் தூங்கும்?" என்றார். படம் பார்த்து எத்தனையோ வருடங்கள் கழித்தும் அந்தக் கேள்வி அவருக்குள் இருந்தது. அதன் பிறகுதான் நான் படத்தைத் தேடிப் பார்த்தேன். விமர்சனம் எழுதும் எத்தனையோ பேரைப் படித்துவிட்டேன், அந்த ஒரு வரிக்கு இணையாக யாரும் இந்தப் படத்தைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை.

அட்டை தெரிகிறது, கயிறு தெரிகிறது என்பார்கள். சரி, தெரியட்டும். 1902இல் பிரான்சில் ஜார்ஜ் மெலியெஸ் நிலவுக்குப் போகும் படம் எடுத்தார். நிலவின் கண்ணில் ராக்கெட் போய்க் குத்தி நிற்கும் அந்தக் காட்சியை எல்லோருக்கும் தெரியும். அதுவும் வரைந்த திரைகளும் அட்டையும்தான். அதற்கு யாரும் சிரிப்புச் சத்தம் சேர்ப்பதில்லை. டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்கிறோம், முகப்புப் படமாக வைக்கிறோம். ரீல்ஸ் போட்ட அந்தப் பக்கத்திலேயே மெலியெஸுக்கு ஒரு அஞ்சலிப் பதிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள். பாரிஸ் அட்டை கலை, கோடம்பாக்கம் அட்டை காமெடி. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

1954இல் வந்த ஜப்பானின் 'காட்ஜில்லா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர் நின்று பொம்மை நகரத்தை மிதிக்கிறார். அதே ஆண்டு மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்தது, ஆட்கள் நோயில் விழுந்தார்கள், ஒருவர் இறந்தார். அந்தப் பயம் ஆறுவதற்குள் எடுத்த படம் அது. அமெரிக்காவுக்குப் போனபோது வெட்டி, ஒரு அமெரிக்க நடிகரை நடுவில் செருகி, வேறு படமாக ஆக்கிவிட்டார்கள். அசல் படம் அங்கே திரையரங்குகளில் பரவலாக வந்தது 2004இல். அதுவரை பலருக்கு அது ரப்பர் பல்லி படம். முழுதாகப் பார்த்த பிறகு அது ஹிரோஷிமாவைப் பற்றிய படம். மாறியது பார்த்தவர்கள்தான், படம் அப்படியேதான் இருந்தது.

முதல் பார்வையை நம்பாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். படித்தவர்கள், தொழில்முறை விமர்சகர்கள் பார்த்த முதல் பார்வையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்' 1982 ஜூன் 25 அன்று வந்தது. அண்டார்டிகாவில் ஒரு ஆராய்ச்சி முகாம், யாருடைய உருவத்தையும் எடுத்துக்கொள்ளும் ஒரு உயிரி, பக்கத்தில் இருப்பவன் மனிதன்தானா என்று தெரியாத பனிரெண்டு ஆண்கள். இரண்டு வாரம் முன்னால் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்து, அன்பான வேற்றுக்கிரகக் குழந்தையைப் பார்த்து ஊரே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. விமர்சகர்கள் இந்தப் படத்தைக் குதறினார்கள். இசையமைத்த மோரிக்கோனியை அந்த ஆண்டின் மோசமான இசைக்கான ராஸி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். இதே படத்துக்காக எழுதிப் பயன்படுத்தாமல் விட்ட இசையில் கொஞ்சத்தை டாரன்டினோ பின்னாளில் தன் படத்தில் சேர்த்தார், அந்தப் படத்தின் இசைக்குத்தான் 2016இல் மோரிக்கோனிக்கு ஆஸ்கர் கிடைத்தது. இன்றைக்கு 'தி திங்' இல்லாத திகில் பட்டியலே கிடையாது. முதல் வாரத்துச் சிரிப்பை மட்டும் நம்பியிருந்தால் அது எங்கே போயிருக்கும்?

இன்னொன்று, 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்', 1962. கான்சாஸில் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் விளக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படம். சால்ட் லேக் ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கேளிக்கை மண்டபம்தான் அதன் பேய் வீடு. கையில் இருந்ததோ சொற்பப் பணம். வந்த சுவடு தெரியாமல் போன படம் 1989இல் மறுபடி திரைக்கு வந்தபோதுதான் பேசப்பட்டது. ராத்திரி தனியாகப் பாருங்கள். கூட்டமாக உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பீர்கள், எனக்குத் தெரியும். பயப்படுவது வெட்கம் என்று நினைக்கிற கூட்டம் முந்திக்கொண்டு சிரித்துவிடும்.

"சும்மா ஜாலிக்குப் போட்ட ரீல்ஸ், அதுக்குப் போய் இவ்வளவு சீரியஸா?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். ஆமாம், சீரியஸாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு படத்தில் நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு இருக்கிறது. கணினி இல்லாத காலத்தில், கேமராவுக்குள்ளேயே பிலிமைத் திருப்பிச் சுற்றி இரண்டு முறை பதிவு செய்து தந்திரக் காட்சி எடுத்தவர்கள் அவர்கள். ஒரு தப்பு நடந்தால் அந்தச் சுருளே போச்சு. அந்த வேலை செய்தவர்களின் பெயர் உங்களுக்குத் தெரியாது, பல பேருடைய பெயர் எனக்கும் தெரியாது, டைட்டிலில் கூட இருக்காது. அவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், பதில் சொல்ல அவர்கள் இல்லை.

எம்.ஜி.ஆர். ரசிகன் என்பதால் பேசுகிறேன் என்பார்கள். என்னைத் தெரிந்தவர்களுக்கு உண்மை தெரியும். அதற்கு மேல் இதற்குப் பதில் கிடையாது.

அதே காலத்தில் ஹாலிவுட் எவ்வளவு நேர்த்தியாக எடுத்தது, 1956லேயே 'ஃபர்பிடன் பிளானட்' வந்துவிட்டதே என்பது கொஞ்சம் நியாயமான கேள்வி. எம்.ஜி.எம். போன்ற ஒரு ஸ்டுடியோவின் கஜானாவும் நம் ஊர் ஃபைனான்சியர் கொடுத்த கடனும் ஒன்றா? பணம் இல்லாத இடத்தில் கற்பனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள் என்பதுதானே என் வாதமே. படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. பூமியில் நடக்கும் பகுதி வழக்கமான கதைதான், இழுக்கவும் செய்கிறது.

பழைய படம் என்பதால் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை இது. 2009இல் வந்த விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' ஓடிய படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை இன்று எத்தனை பேர் பேசுகிறார்கள்? ஒரு பேய்ப்படம் என்று முத்திரை குத்தி அலமாரியில் போட்டுவிட்டோம். மெகா சீரியலை வைத்துத் திகில் செய்ய முடியும் என்று யாருக்குத் தோன்றியது? வீட்டுப் பெண்கள் மதியம் உட்கார்ந்து பார்க்கும் சீரியலில் தங்கள் வீட்டில் நடப்பதே நடக்கிறது. அவர்களுக்கு அது உறைக்கவில்லை, மாதவனுக்கு மட்டும் உறைக்கிறது. லிஃப்ட் அவர் ஒருவருக்கு மட்டும் வேலை செய்யாது. பி.சி.ஸ்ரீராம் ஒரு சாதாரண அடுக்குமாடி ஃபிளாட்டையே பயமாக்கியிருப்பார். அந்தப் படம் பார்த்த பிறகு அம்மா சீரியல் பார்க்கும்போது ஹாலைக் கடந்து போவதற்கே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பாழடைந்த பங்களா, வெள்ளைப் புடவை எதுவும் தேவைப்படவில்லை. அடுத்து வந்த பேய்-காமெடி அலையில் இதெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நான் சேலத்துக்காரன். ஏற்காடு சாலையில் போகும்போதெல்லாம் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு நிற்கிறது, அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அந்த ஸ்டுடியோவை நிறுவிய டி.ஆர்.சுந்தரம் 1952இல் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 'காடு' என்ற படத்தைத் தயாரித்தார். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. இயக்குநர் வில்லியம் பெர்க், நடிகர்கள் ராட் கேமரன், சீசர் ரொமேரோ. கதையில் வருவது மாமத், அதாவது பனியுகத்து ரோம யானை. சேலத்து ஸ்டுடியோ, ஹாலிவுட் நடிகர்கள், பனியுகத்து யானை! இதைச் சேலத்திலேயே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் முதலில் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஒருவர்கூட "படம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டதில்லை.

சிரித்த படத்தை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931, இன்று பிரதி கிடையாது. தமிழகத்தில் எடுத்த முதல் மௌனப் படம் 'கீசக வதம்', அதுவும் கிடையாது. பழைய பிலிம் சுருள்களை, அவற்றில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கினார்கள். அன்றைக்கு அந்தப் படங்களைப் பழைய குப்பை என்றுதான் சொல்லியிருப்பார்கள். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பி.கே.நாயர் என்ற ஒரு மனிதர் எது நல்ல படம், எது கெட்ட படம் என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்ததால்தான் இன்று கொஞ்சமாவது மிச்சம். அவரும் நம்மைப் போல முதலில் சிரித்துவிட்டுப் போயிருந்தால்?

எனக்குக் கோபம் விண்கலத்தைப் பற்றியதே இல்லை என்று இதை எழுதும்போதுதான் தெளிவாகிறது. நம் ஆட்கள் துணிந்து யோசித்ததை நாமே கேலி செய்து, கேலி செய்ததாலேயே தொலைத்து, பிறகு "தமிழில் சயின்ஸ் ஃபிக்ஷனே கிடையாது" என்று பட்டியல் போடுகிறோமே, அதுதான் வலிக்கிறது. அந்தப் பட்டியலைப் போடுபவர்களும் இதே ஆட்கள்.

அந்த இரண்டு நண்பர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாருங்கள், 'கலை அரசி'யை முதலிலிருந்து கடைசி வரை பார்ப்போம், சாப்பாடும் இங்கேதான். பார்த்து முடித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

மற்றவர்களிடம் ஒரு கோரிக்கை. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது 'காடு' படத்தின் பாட்டுப் புத்தகமோ, நோட்டீஸோ, ஸ்டில்லோ கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நானே வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறேன், அசல் உங்களிடமே இருக்கட்டும். எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.