ரெண்டு நிமிஷ வேலை

"ரெண்டு நிமிஷ வேலைதானே, அந்த டேபிளை இம்போர்ட் பண்ணி வெச்சிடுங்க" என்று மேனேஜர் சொன்னது காலை பத்து மணிக்கு. அந்த ரெண்டு நிமிஷம் சாயங்காலம் ஐந்தரைக்கு முடிந்தது.

ஆரக்கிள் டேட்டாபேஸில் இருக்கும் ஒரு டேபிளின் அமைப்பை எங்கள் டூலுக்குள் கொண்டுவர வேண்டும். இத்தனைக்கும் நான் உள்ளே இருக்கும் டேட்டாவைக் கேட்கவே இல்லை. என்னென்ன ஃபீல்டு, என்ன டைப், எவ்வளவு நீளம், அவ்வளவுதான். மாப்பிள்ளையை அனுப்பச் சொல்லவில்லை ஐயா, ஜாதகம்தான் கேட்டேன்.

டூலைத் திறந்து பட்டியலைப் பார்த்தால் நான் உருவாக்கிய டிஎஸ்என், அதாவது எந்த டேட்டாபேஸோடு எப்படி இணைவது என்று எழுதி வைத்த குறிப்பு, அங்கே இல்லை. அந்தக் குறிப்புகளை வைத்திருக்கும் விண்டோஸின் ஓடிபிசி அட்மினில் இருக்கிறது. டெஸ்ட் கனெக்‌ஷன் கொடுத்தால் சக்ஸஸ் என்கிறது. டூலுக்கு மட்டும் கண் தெரியவில்லை. டூலை மூடித் திறந்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். நானே ஒருமுறை வெளியே போய்விட்டு வந்தேன். அப்புறம்தான் உறைத்தது: டூல் 32 பிட் என்ற பழைய ரகம், நான் போட்டு வைத்திருப்பது 64 பிட் என்ற புதிய ரக டிஎஸ்என். ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது.

சரி, 32 பிட் அட்மின் எங்கே இருக்கிறது? இதை மெதுவாகப் படியுங்கள். விண்டோஸில் 64 பிட் அட்மின் இருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில். 32 பிட் அட்மின் இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். ரெண்டு ஃபைலுக்கும் பெயர் ஒன்றே: ஓடிபிசிஏடி32. பழைய புரோகிராம்கள் உடைந்துவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடாம். புரோகிராம் உடையவில்லை, நான்தான் உடைந்தேன்.

ஒருவழியாகக் கனெக்ட் ஆனது. டேபிள் லிஸ்ட்? வெள்ளை வெளேரென்று ஒரு கட்டம். பர்மிஷன் பிரச்சினையோ என்று டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏவைக் கூப்பிட்டால், "டிக்கெட் போடுங்க, பார்க்கிறோம்" என்றார். போட்டேன். சாப்பிட்டு வந்தேன். உட்கார்ந்து, டேபிளின் ஓனர் என்று நான் கொடுத்திருந்த பெயரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது, சின்ன எழுத்தில் அடித்திருக்கிறேன். ஆரக்கிளில் மேற்கோள்குறி போடாமல் வைத்த பெயரெல்லாம் கேப்பிட்டலில்தான் பதிவாகும். டூலோ நான் அடித்ததை அப்படியே தேடுகிறது. "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று ஒரு வரி சொல்லக்கூடாதா? தெருமுனை மளிகைக் கடைக்காரர்கூடத் துவரம்பருப்பு தீர்ந்துபோச்சு என்று வாயைத் திறந்து சொல்கிறாரே!

வந்தது டேபிள். பெயர் ஃபீல்டில் 30 எழுத்து என்று டிபிஏ வரையறுத்திருக்கிறார். டூலில் 120 என்று நிற்கிறது. எழுத்துக்கு 4 பைட் இடம் என்று பெருக்கிக்கொண்டு வந்திருக்கிறது புண்ணியவான். அறுபத்துச் சொச்சம் ஃபீல்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து கையால் திருத்தினேன்.

ஐந்தரைக்கு முடிந்தது என்று சொன்னேன். மேனேஜர் நிமிராமலே, "நாளைக்கு அதுல இன்னும் ரெண்டு ஃபீல்டு சேர்க்கிறாங்களாம், மறுபடி ஒரு தடவை இம்போர்ட் பண்ணிடுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சத்தம் போட்டுச் சிரித்தேன்.

கேன்டீனுக்குப் போனால் போண்டா தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த தேங்காய்ச் சட்னியில் முழுக்கப் பொட்டுக்கடலை. தேங்காய் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று யாராவது சொல்லுங்களேன்.